வெள்ளைத் துணி கட்டிய பன்னிரண்டு டப்பாக்கள்

1931-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. கழுகுமெட்டுக் கணவாய்க்கு மேற்கே நான்கு நாள்களாக மழை விடவில்லை. கிழக்கே, மெட்டின் அடிவாரத்தில், ஒரு துளியும் விழவில்லை. மலையிலிருந்து இறங்கிய காற்று மட்டும் புழுதியை வாரி இறைத்து, மலைச்சரக்குக் கம்பெனியின் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து வருபவன் கம்பளியைப் பிழிந்துகொண்டே வருவான். கீழே நிற்பவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே அவனை வேடிக்கை பார்ப்பான். இருவருக்கும் இடையில் எட்டு மைல் பொதிமாட்டுப் பாதை.

காலை ஏழு மணிக்கு, கம்பெனியின் சரக்கறையான கிட்டங்கியின் வாசலில், காலியான வெடிமருந்துப் பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்திருந்த சூசையப்பன், முன்னால் இருந்த தகர டப்பாவின் மூடியருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அடுத்த டப்பாவை முகர்ந்தார். மொத்தம் பன்னிரண்டு. உடும்பஞ்சோலைப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துக்கு விளக்கெரிப்பதற்காக வந்த கார்பைடு. தண்ணீர் படாதவரையில் கார்பைடு வெறும் சாம்பல்நிறக் கல். தலைக்கு வைத்துப் படுக்கலாம். தண்ணீர் பட்டால் பொங்கும், பொங்கிக் காற்றாகும். அந்தக் காற்றுக்கு ஒரு பொறி கிடைத்தால் பிறகு யாரும் படுக்க வேண்டியதில்லை.

ஏழாவது டப்பாவில் அவருடைய மூக்கு நின்றது. மூடி நெளிந்திருந்தது. உள்ளிருந்து பூண்டு வாடை வந்தது.

சூசையப்பனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சாந்தன்பாறைக்கு அருகில் ஓர் ஏலத்தோட்டத்துக் கூலிக்குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். தந்தையார் இராயப்பன்பட்டியிலிருந்து பிழைப்புக்காக மலையேறியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்லிக்கொடுக்க வந்த உபதேசியார், ஜெபத்தோடு தமிழ் எழுத்தையும், தமிழ் எழுத்தோடு கொஞ்சம் ஆங்கில எழுத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். இருபதாம் வயதில் கம்பெனிக் கிட்டங்கிக்கு மூட்டை தூக்க வந்தார் சூசையப்பன். எழுத்துத் தெரிந்த சுமைகூலி அந்த அடிவாரத்திலேயே அவர் ஒருவர்தான். ஆகவே முதலில் மூட்டையைத் தூக்கினார். பிறகு மூட்டையின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னார். அதற்கும் பிறகு, எந்த மூட்டையை எந்த மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றும் சொல்லத் தொடங்கினார்.

இந்த மூன்றாவது வித்தையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. சரக்குகளே கற்பித்தன. அவருடைய இடது கைப் பெருவிரல் நகம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அது கந்தகத் திராவகம் நடத்திய பாடம். வலது முழங்கையில் உள்ள வட்டத் தழும்பு சுண்ணாம்புக்கல்லும் மழையும் சேர்ந்து நடத்தியது. கறையானுக்குப் போடும் பாஷாணத்தை அரிசி மூட்டைமேல் அடுக்கியிருந்த ஒரு மத்தியானத்தில், கிட்டங்கியின் எலிகள் அனைத்தும் ஒரே வரிசையில் செத்துக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். துருசு கையைப் பச்சையாக்கும், வெடியுப்பு நாக்கைக் குளிரவைக்கும் என்பதெல்லாம் அவருக்குப் புத்தகமின்றித் தெரியும். மலைக்குப் போகும் அபாயச் சரக்குகளைப் பற்றிய விதிகள் ரயில்வேக்காரர்களிடம் அச்சிட்ட புத்தகமாக இருந்தன. கம்பெனியிடம் அவை சூசையப்பனாக இருந்தன.

1920-இல் கம்பெனி அவரைக் குமாஸ்தா ஆக்கிற்று. ஆனால் தற்காலிகக் குமாஸ்தா. நிரந்தரக் குமாஸ்தாவுக்கு நாற்காலி உண்டு. தற்காலிகக் குமாஸ்தாவுக்கு இல்லை என்பது கம்பெனியின் ஏற்பாடு. ஆகவே பதினொரு ஆண்டுகளாக அவர் வெடிமருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து, வெடிக்கக்கூடியவை எவை என்று எழுதிவந்தார். அவருடைய மனைவி இன்பமேரி, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த நாற்காலிக்காக மெழுகுவத்தி ஏற்றுவாள். "உங்க நாற்காலிக்கு நான் ஏத்தின வத்தியில இன்னேரம் ஒரு மாதா கோயிலே கட்டியிருக்கலாம்" என்று அவள் சொல்வதும் உண்டு. கடைசியில் அந்த ஆண்டுதான், ஆகஸ்டு முதல் நாளன்று அவரை நிரந்தரமாக்குவதென்று கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜரான துரை தலையசைத்திருந்தார். சூப்பரின்டெண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

சூப்பரின்டெண்டு ஏசுரத்தினம் மூன்று ஆண்டுகளுக்கு முன் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். நல்ல மனிதர், நேர்மையானவர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் உறங்கமாட்டார். அவர் வந்த மாதமே ரயில்வேயின் விதிப்புத்தகத்தை வரவழைத்தார். அதில் நூற்றுக்கணக்கான சரக்குகள் இருப்பதைக் கண்டு, பொதிமாட்டுக்காரர்களுக்கு இத்தனை தாங்காது என்று தீர்மானித்து, உலகத்தின் அபாயங்கள் அனைத்தையும் நான்கு துணிகளில் அடக்கினார். தீப்பிடிப்பது சிவப்பு, நஞ்சு மஞ்சள், வெடிப்பது கறுப்பு, திராவகம் நீலம். மாட்டுக்காரர்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் துணி தெரியும் அல்லவா? இதுவரை அவர் செய்தது சரியே. இதற்கு மேலும் ஒரு படி போனார். மண்ணெண்ணெய் வெயிலில் சூடேறுவதைப் பார்த்துவிட்டு, சிவப்புத் துணி கட்டிய சரக்கு எதுவாயினும் மெட்டில் நிறுத்தி, இரண்டு வாளி நீர் ஊற்றிக் குளிரவைத்த பின்னரே மேற்கே செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்காக மொக்கையன் என்பவரை மெட்டில் நியமித்தார். ஆண்டில் எட்டு மாதம் மழை பெய்யும் அந்த மெட்டில், சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கொட்டும் மழையில் நின்று, நனைந்த பொதியின்மேல் வாளியால் தண்ணீர் ஊற்றுவது மொக்கையனின் உத்தியோகம்.

கம்பெனியின் வாளி போதாதென்று காளியின் குடமும் இருந்தது. மெட்டின் உச்சியில் எல்லைக் காளி கோயில். சிவப்பு அவளுடைய நிறம். சிவப்புத் துணி கட்டிய எதுவும் அந்த வழியாகப் போனால், பொதிமாட்டுக்காரர்கள் அதை நிறுத்தி, ஒரு குடம் மஞ்சள்நீரை அதன் தலையில் ஊற்றிக் குளிர்வித்தே அனுப்புவார்கள். மணப்பெண்ணின் சிவப்புச் சேலைக்கும் அதே குடம்தான். ஆக, சூப்பரின்டெண்டு தம் உத்தரவை எழுதிய அன்றே, காளி அதற்கு மேலொப்பமிட்டுவிட்டாள்.

சென்ற ஆண்டு ஒரே ஒரு கார்பைடு டப்பா வந்தது. தீப்பிடிப்பது ஆகையால் சிவப்புத் துணி. மொக்கையன் இரண்டு வாளி ஊற்றினார். காளியின் பெயரால் ஒரு குடம் ஊற்றப்பட்டது. மழைக்கு ஒதுங்கியவர்கள் அதை மெட்டுச் சாவடிக்குள் தூக்கிக்கொண்டுபோய், குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சற்று நேரத்தில் மூடி மட்டும் தனியே கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறிற்று. உயிர்ச்சேதம் இல்லை, மொக்கையனுடைய இரண்டு புருவங்களும் பாதி மீசையும் போயின. மீசை வளர்ந்தது, புருவம் வளரவில்லை. அன்றிலிருந்து அவர் எதைப் பார்த்தாலும் வியந்து பார்ப்பவர் போலவே இருந்தார். அந்த விபத்தைத் தீர விசாரித்த சூப்பரின்டெண்டு, ஊற்றிய நீர் போதவில்லை என்று கண்டுபிடித்து, இரண்டு வாளியை நான்கு வாளியாக உயர்த்தினார்.

அந்த நான்கு வாளிகளை நினைத்துக்கொண்டுதான் சூசையப்பன் ஏழாவது டப்பாவை முகர்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஓய், மூக்கால சரக்குப் பிரிக்கீரு?" என்று கேட்டுக்கொண்டே ஏசுரத்தினம் வந்தார். அவர் கையில் குடையும் உத்தரவுப் புத்தகமும் இருந்தன.

"மூடி நெளிஞ்சிருக்குங்க ஐயா. ஈரக்காத்து உள்ள போயிருக்கு. பூண்டு வாடை வருது."

"எவனாவது துவையலுக்குப் பூண்டு கொண்டாந்திருப்பான். சிவப்பைக் கட்டி அனுப்பும்."

சூசையப்பன் பெட்டியிலிருந்து எழுந்து, சுவர் மாடத்திலிருந்த விதிப்புத்தகத்தை எடுத்துவந்தார். ஒரு பக்கத்தில் நூல் வைத்து அடையாளம் செய்திருந்தார். "இதுல போட்டிருக்குங்க ஐயா. கார்பைடு நனையக் கூடாது. காஞ்ச எடத்துலதான் வைக்கணும்னு இருக்கு. சிவப்புக் கட்டினா மேல நாலு வாளி ஊத்துவாங்க."

"இது எதுக்கு எழுதின புத்தகம்?"

"ரயிலுக்குங்க ஐயா."

"இங்க ரயில் இருக்கா?"

"இல்லைங்க. மாடுதான் இருக்கு."

"மாட்டுக்கு எழுதினது நான்" என்றார் ஏசுரத்தினம். "நெருப்புன்னா சிவப்பு. சிவப்புன்னா தண்ணி. நெருப்பைத் தண்ணியால அணைக்காம எண்ணெய் விட்டா அணைப்பாங்க? உமக்கு ஆகஸ்டு மாசம் நாற்காலி வருது. அதுக்குள்ள மூக்கை வச்சு அதை மோந்து கெடுத்துக்கிடாதீரும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மழையில்லாத அந்தக் கிழக்கு அடிவாரத்தில், விதிப்படி, ஜூன் முதல் செப்டம்பர் வரை அவர் குடை பிடிப்பது வழக்கம்.

டப்பாக்களை ஏற்றிச் செல்ல வேண்டியவர் சுவக்கீன். சூசையப்பனுடைய தங்கை சந்தனமேரியின் கணவர். ஆறு பொதிமாடுகள் அவருடையவை. மாட்டுக்கு இரண்டு டப்பா, முதுகின் இருபுறமும் ஒவ்வொன்று. கட்டுச்சோற்றோடு கணவரை வழியனுப்ப வந்திருந்த சந்தனமேரி, அண்ணனும் சூப்பரின்டெண்டும் பேசியதை முழுவதும் கேட்டுக்கொண்டு தூணோரம் நின்றிருந்தாள்.

"அண்ணே, இது மொக்கையன் புருவத்தைத் தின்ன சாமானா?"

"ஆமா."

"ஒரு டப்பாவுக்கு ரெண்டு புருவம். பன்னெண்டு டப்பாவுக்கு?"

சூசையப்பன் ஏழாவது டப்பாவின் மூடியை மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குப் புருவம் போனாப் போகட்டும். அது இருந்தும் பெரிய அழகு ஒண்ணும் இல்ல. ஆளு வந்து சேரணும்" என்றாள் சந்தனமேரி.

"ஏ கழுத, காதுல விழுது" என்றார் மாட்டுக்குத் தும்பு கட்டிக்கொண்டிருந்த சுவக்கீன்.

"மாப்ளே, மெட்டுல ஊத்த வேண்டாம்னு நீங்களே சொல்ல முடியாதா?" என்று கேட்டார் சூசையப்பன்.

"யாருகிட்ட மச்சான் சொல்றது? மொக்கையன்கிட்ட சொன்னா, 'ஊத்தலைன்னா என் வேலை போயிரும்'பான். கோயில்ல சொன்னா, 'சிலுவை கும்பிடுற வேதக்காரன், ஆத்தாளை மதிக்கலை'ன்னு என் மாட்டைத் தள்ளி விட்டுருவாங்க. செவப்பைக் கண்டா அங்க ஊரே குடத்தோட நிக்குது. ஒரு ஆளு ஒரு வாயை வச்சு எத்தனை குடத்தைத் தடுக்கிறது?"

சூசையப்பன் கையில் சிவப்புத் துணிக் கட்டு இருந்தது. அதைப் பார்த்தார். கிட்டங்கியின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே மறுநாள் போக வேண்டிய உப்புப் பொதிகள், வெள்ளைத் துணி கட்டி, எண்ணெய்ச் சீலை போர்த்தி, மேடைமேல் பத்திரமாக இருந்தன.

வெள்ளைத் துணி சூப்பரின்டெண்டின் நான்கில் சேர்ந்ததன்று. அது மாட்டுக்காரர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. மழைக்காலத்தில் மேற்கே உப்புக்குத் தவிப்பு; நனைந்த உப்பு வழியிலேயே கரைந்து ஓடிவிடும்; கரைந்த உப்போடு லயத்துக்குப் போகிறவனை அங்குள்ள பெண்கள் வாயாலேயே உரித்துவிடுவார்கள். ஆகவே வெள்ளைத் துணியைக் கண்டால் மெட்டில் ஒருவரும் தண்ணீரோடு நெருங்கமாட்டார்கள். கோயிலில் மஞ்சள்நீர்க் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். சாவடியில் அடுப்பங்கரையைவிட்டு எட்ட, ஒழுகாத மூலை உப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அடுப்புச் சூட்டில் உப்பு கசியும் என்பது அவர்களுடைய அனுபவம். மழை வலுத்தால் மாட்டுக்காரன் தன் கம்பளியைக் கழற்றி உப்புக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு நடப்பான். பெற்ற தாய்க்குச் செய்யாததை உப்புக்குச் செய்வான்.

சூசையப்பன் சிவப்புத் துணிக் கட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மேடையிலிருந்து வெள்ளைத் துணிகளை எடுத்தார். பன்னிரண்டு டப்பாவுக்கும் பன்னிரண்டு கட்டினார். எண்ணெய்ச் சீலை போர்த்தினார்.

சுவக்கீன் வாயைத் திறந்தபடி நின்றார். "மச்சான், உப்பா இது?"

"உப்பில்ல. உப்பு மாதிரிக் கொண்டுபோங்க."

சலானில் மட்டும் அவருடைய கை பொய் எழுத மறுத்தது. "கார்பைடு, டப்பா பன்னிரண்டு" என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டார். சலானைப் படிப்பவர்கள் சரக்கைத் தொடுவதில்லை. சரக்கைத் தொடுபவர்கள் சலானைப் படிப்பதில்லை. ஆகவே படிப்பவருக்கு உண்மையும் தொடுபவருக்கு உப்புமாகப் பிரித்துக் கொடுத்தார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடிய ஓரிடம் வழியில் உண்டு என்பது, மாடுகள் முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தது. மெட்டின் அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், மலையாளச் சமஸ்தானத்தின் சுங்கச் சவுக்கை இருக்கிறது. எல்லை கடக்கும் சரக்குகளை அங்கே நிறுத்திப் பார்ப்பார்கள். வேறு எதை விட்டாலும் விடுவார்கள். தீர்வைக்குரிய உப்பை விடமாட்டார்கள்.

சூசையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையேறினார். குமாஸ்தா ஆன பிறகு அவர் அந்தப் பாதையில் கால் வைத்ததே இல்லை. ஐந்தாம் மைலில் மூச்சு வாங்கிற்று. ஆறாம் மைலில் மழை எதிர்கொண்டது. ஏழாம் மைலில் மாடுகளின் மணியோசை கேட்டது.

மெட்டில் நடந்தது அவர் எண்ணியபடியே நடந்தது. நான்கு வாளிகளையும் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்த மொக்கையன், வெள்ளைத் துணியைக் கண்டதும் ஏமாந்து வாளியை இறக்கினார்.

"என்னா சுவக்கீனு, செவப்பு வருதுன்னாங்க, வெள்ளை வருது?"

"ஏன், ஊத்தாம கை அரிக்குதா?"

"நாலு நாளா ஒரு செவப்பும் வரலைப்பா. மழைதான் ஊத்துது. நான் எதுக்கு இங்க நிக்கிறேன்னு மாடு கூடக் கேக்குது."

கோயிலில் ஒருவர் மஞ்சள்நீர்க் குடத்தை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். கிழவர் ஒருவர் எழுந்துவந்து, காற்றில் விலகியிருந்த எண்ணெய்ச் சீலையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். பின்னால் வந்துகொண்டிருந்த சூசையப்பன் அதைப் பார்த்தார். பதினொரு ஆண்டுகளில் அபாயச் சரக்கு எதற்கும் அந்த மெட்டில் இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

சவுக்கையில் மரியாதை வேறுவிதமாக இருந்தது. சவுக்கை அதிகாரி கூரைக்குக் கீழே நாற்காலியில், பற்றவைத்த சுருட்டோடு அமர்ந்திருந்தார். சலானை வாங்கிப் படித்தார். மாடுகளைப் பார்த்தார். மறுபடியும் சலானைப் படித்தார்.

"எந்தா இது? கடலாசில ஒண்ணு, துணியில ஒண்ணு?"

"கடுதாசிதாங்க நெசம்" என்றார் சுவக்கீன்.

"பின்னே துணி?"

"அது... மழைக்காகக் கட்டினதுங்க."

"மழைக்குத் துணி கெட்டுவானோ? குடையல்லே பிடிக்கும்?" அதிகாரி எழுந்தார். ஒரு கள்ள உப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கும் மகிழ்ச்சி அவர் முகத்தில் மெல்லப் பரவிற்று. "உப்பைக் கடத்தான் ஒரு மருந்துப் பேர். புத்தி கொள்ளாம், நல்ல புத்தி. இறக்கு அதை."

"தெறக்காதீங்க எசமான்! அது ஆகாத சாமான்!"

சுவக்கீன் எவ்வளவு பதறினாரோ அவ்வளவுக்கு அதிகாரியின் சந்தேகம் உறுதிப்பட்டது. சேவகன் கைக்கு முதலில் எட்டியதை இறக்கிக் கம்பியால் நெம்பினான். அது நெளிந்த மூடி, ஏழாவது டப்பா. மூடி எழும்பியதும் பூண்டு நாற்றம் குப்பென்று கூரைக்கடியில் பரவிற்று. அதிகாரி, வாயில் சுருட்டோடு, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கக் குனிந்தார்.

அந்த நேரத்தில் மழையிலிருந்து ஓர் உருவம் கூரைக்குள் பாய்ந்தது. அதிகாரியின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிற்று. வெளியே ஓடும் வெள்ளத்தில் அதை வீசிற்று. பிறகு மூச்சு வாங்கியபடி, "மன்னிக்கணும் எசமான்" என்றது.

ஓர் அதிகாரியின் சுருட்டை அவர் வாயிலிருந்தே பிடுங்குவது என்பது அந்த எல்லையின் இருபுறத்திலும் கேள்விப்படாத செயல். தம் அதிகாரத்தை நிலைநாட்ட வேண்டும் என்பது ஒன்றே அதிகாரிக்குத் தோன்றிற்று. உள்ளே கைவிட்டு ஒரு சிறு துண்டை எடுத்தார். "கறுத்த உப்பு. மண்ணு சேர்த்த கள்ள உப்பு" என்று அங்கே மழைக்கு ஒதுங்கியிருந்த கூட்டத்துக்கு அறிவித்தார். அதை மெய்ப்பிக்க அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். சூசையப்பன் "ஐயையோ!" என்பதற்குள் துண்டு நாக்கில் இருந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதிகாரியின் வாயிலிருந்து நுரை வந்தது. அவருடைய கண்கள் அகன்றன. சொல்ல வந்த சொல்லுக்குப் பதிலாக ஒரு கொதிப்பொலி கேட்டது.

"மூடியை அடைங்க மாப்ளே! மாட்டை ஓட்டுங்க!" என்று கத்திய சூசையப்பன், அதிகாரியைத் தோளோடு பிடித்துக் கூரைக்கு வெளியே இழுத்தார். "மொக்கையா! வாளி! நாலு வாளியும் கொண்டா!"

மொக்கையன் தம் உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. துப்பவைத்துத் துப்பவைத்து, நான்கு வாளி நீரும் அதிகாரியின் வாயில் ஊற்றிக் கழுவப்பட்டது. சூப்பரின்டெண்டின் உத்தரவில் கண்ட அந்த நான்கு வாளிகளும், ஏற்பட்ட நாள்முதலாக, அன்றுதான் எரிச்சல் ஒன்றைத் தணித்தன.

சுவக்கீன் ஏழாவது டப்பாவின் மூடியை அறைந்து, மெழுகு அப்பி, தம் கம்பளியால் சுற்றி மாட்டில் ஏற்றினார். எல்லாருடைய கண்ணும் அதிகாரியின் வாயில் இருந்ததால் மாடுகளை எவரும் தடுக்கவில்லை. மறுநாள் மாலை, பன்னிரண்டு டப்பாவும் ஒரு துளி நீர் படாமல் தோட்டத்தில் இறங்கின. அங்கே உப்பு வந்ததென்று எண்ணிக் கிண்ணத்தோடு ஓடிவந்த பெண்கள் சுவக்கீனை ஏசிய ஏச்சு ஒன்றுதான் அந்தப் பயணத்தின் சேதம்.

விசாரணை அடுத்த திங்கட்கிழமை, பதின்மூன்றாம் நாள், கம்பெனி அலுவலகத்தில் நடந்தது. துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். ஏசுரத்தினம் பக்கத்தில் நின்றார். சவுக்கை அதிகாரி நேரில் வரவில்லை. நாக்கு இன்னும் வாய்க்குள் அடங்கவில்லை என்று சேவகன் சொன்னான். எழுத்தில் ஒரு முறையீடு மட்டும் வந்திருந்தது. அதில் சுருட்டு பிடுங்கப்பட்டது விரிவாக இருந்தது. நாக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உப்பென்று எண்ணித் தின்றதாக எந்த அதிகாரியும் தம் கையால் எழுதமாட்டார்.

"சுருட்டு விஷயம் விடு" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில். "நம்ம ஆளு அவன் மூஞ்சி காப்பாத்திச்சு. நான் ஒரு பெட்டி சுருட்டு அனுப்புது. இந்தத் துணி விஷயம் மட்டும் சொல்லு."

ஏசுரத்தினம் தொண்டையைச் சரிசெய்தார். அவர் சூசையப்பனைக் கெடுக்க விரும்பியவர் அல்லர். இரண்டு நாள் யோசித்து, எவருக்கும் தீங்கில்லாத ஒரு வழியைக் கண்டு, அதை அழகாக எழுதியும் கொண்டுவந்திருந்தார். அவசரத்தில் சிவப்புத் துணிக்குப் பதிலாக வெள்ளைத் துணியைக் கைத்தவறுதலாகக் கட்டியதாகச் சூசையப்பன் ஒப்புக்கொள்கிறார், எச்சரிக்கப்படுகிறார், நான்கு துணி உத்தரவு முன்போலவே நடைமுறையில் இருக்கும், ஆகஸ்டு முதல் நாள் முதல் அவர் நிரந்தரமாக்கப்படுவதில் தடையில்லை. ஒரே தாளில் அனைத்தும் அடங்கியிருந்தன. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. புதிது, பிரம்பு பின்னியது. "உக்காரும் ஓய்" என்றார் ஏசுரத்தினம். "எப்படியும் உம்மதுதானே."

சூசையப்பன் உட்கார்ந்தார். பதினொரு ஆண்டு வெடிமருந்துப் பெட்டிக்குப் பிறகு அது அவரைப் பஞ்சுபோல் தாங்கிற்று. சாய்ந்துகொள்ள முதுகுக்கு இடமிருந்தது. சன்னல் வழியாகக் கிட்டங்கியின் வாசல் தெரிந்தது. சனிக்கிழமையன்று வந்திறங்கிய இன்னும் ஒன்பது கார்பைடு டப்பாக்கள் அங்கே இருந்தன. இரண்டுக்கு மூடி நெளிந்திருப்பதை அவர் காலையிலேயே பார்த்திருந்தார். அவற்றை ஏற்றுவதற்காக, சுவக்கீன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தூணோரம் சந்தனமேரி கட்டுச்சோற்றோடு நின்றாள். டப்பாக்களுக்கு இன்னும் துணி கட்டப்படவில்லை. விசாரணை முடியட்டும் என்று துணிகள் காத்திருந்தன.

"கைத்தவறுன்னு ஒரு வார்த்தை" என்று ஏசுரத்தினம் குனிந்து, மெதுவாக, ஏறக்குறைய கெஞ்சுவது போலச் சொன்னார். "தவறாத கை உலகத்துல உண்டா? சொல்லிட்டுப் போடும் கையெழுத்தை."

துரை பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். "சூசை, நீ நல்ல ஆளு. துணி மாத்திக் கட்டினது தெரியாம செஞ்ச தப்பு. அப்படித்தானே?"

சூசையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"இல்லைங்க துரை. தெரிஞ்சுதான் கட்டினேன். நனையக் கூடாத சரக்கு அது. இந்த மெட்டுல உப்பை மட்டுந்தான் நனைய விடமாட்டாங்க."